மூச்சு விட இடம்

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் குடியிருக்கும் பேண்டு செட்டுக்காரர் தம் பையனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கிளாரினெட் வாத்தியம். நாகப்பட்டினத்திலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாண ஊர்வலம், தேர்ப் பவனி, இறுதி யாத்திரை எதுவானாலும் அவருடைய குழுவைத்தான் கூப்பிடுவார்கள். பையன் கல்லூரியில் இரண்டாவது வருஷம். கையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தான்.

"அண்ணே, இவன் ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சங்கீதம் எழுதப் போறானாம். கம்ப்யூட்டர்லே போடறதுக்கு என்னமோ வாங்கணுங்கறான். அறுபத்து நாலாயிரம் ஆகுமாம். திருவிழாவிலே என் பங்குக்கு வந்ததே அவ்வளவுதான். நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

எனக்குச் சங்கீதத்தில் உள்ள ஞானம் கேட்கிற ஞானம் மட்டுமே. அதையும் என் மனைவி ஒப்புக்கொள்ளமாட்டாள். இதைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்களும் கம்ப்யூட்டர்லேதானே கதை எழுதறீங்க?" என்று கேட்டார். இந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இப்படித்தான் நான் இரண்டு மாதம் அந்தப் பையனோடு உட்கார்ந்து, வாத்திய சங்கீதம் எழுதுவதற்கான மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க நேர்ந்தது. அவற்றின் விமரிசனமே இந்தக் கட்டுரை. நாவலைப் பார்க்கிற கண்ணோடுதான் இவற்றையும் பார்த்தேன். வேறு கண் எனக்குக் கிடையாது.

நம் ஊர்களில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிற கோஷ்டி என்று அர்த்தம். பையன் சொன்னது அதுவல்ல. வயலின், வயோலா, செல்லோ, டபிள் பாஸ் என்று தந்தி வாத்தியங்கள், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், பின்வரிசையில் டிம்பனி. அறுபது பேரிலிருந்து தொண்ணூறு பேர் வரை ஒரே மேடையில் உட்கார்ந்து, எதிரே நிற்பவரின் கோலைப் பார்த்து வாசிக்கிற ஏற்பாடு. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும் ஐந்து கோட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இதற்கான மென்பொருள்கள் இரண்டு வகை. ஒன்று பதிவு செய்கிற வகை: கியூபேஸ், லாஜிக், எஃப்.எல். ஸ்டூடியோ, ரீப்பர் இத்தியாதி. திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை. ஒரு கீபோர்டைக் கம்பியால் இணைத்து வாசித்தால், அழுத்திய ஒவ்வொரு ஸ்வரமும் சின்னக் கட்டையாக அந்த வரிசையில் போய் உட்காரும். இசைக் கருவிக் கம்பெனிகள் 1983ல் செய்துகொண்ட 'மிடி' என்ற பொது ஏற்பாடுதான் இதற்கு ஆதாரம். அந்தக் கட்டைகளுக்கு எந்த ஒலியை வேண்டுமானாலும் மாட்டலாம். அசல் வயலின் கலைஞர்களை வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, மென்மையாக என்று பதிவு செய்து, 'ஸாம்பிள் நூலகம்' என்ற பெயரில் விற்கிறார்கள். மற்றொன்று எழுதுகிற வகை: ஃபினாலே, சிபேலியஸ், டோரிகோ, மியூஸ்ஸ்கோர், லிலிபாண்ட். இவற்றில் திரை என்பது ஐந்து கோடு போட்ட காகிதம். அதில் ஸ்வரங்களை எழுதுகிறோம். எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசித்தும் காட்டும். ஆனால் காகிதம்தான் பிரதானம்.

பையனுடைய காகிதத்தில் இருந்தது பூராவும் முதல் வகை. ஒரு பதிவு மென்பொருள், அதற்குமேல் ஒரு பெரிய தந்தி வாத்திய நூலகம். விலை பார்த்து, கூட்டல் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான்.

"முதலில் நீ செய்ததைக் கேட்கலாமா?" என்றேன். சில நாளைக்கு இலவசமாகப் பார்க்கக் கொடுக்கும் பதிப்பில் ஆறு நிமிஷ உருப்படி ஒன்று செய்து வைத்திருந்தான். கடலைப் பற்றியது. நாகப்பட்டினத்தில் கடலைப் பற்றி யார் எதைச் செய்தாலும் அதில் 2004 டிசம்பர் 26 இருக்கும். அது அவன் பிறப்பதற்கு முந்தைய சமாசாரமாக இருந்தாலும். ஆரம்பத்தில் கிளாரினெட் தனியாக நீலாம்பரியில் ஒரு தாலாட்டுப் போல் எழுகிறது. இந்த ஊர் அம்மன் நீலாயதாட்சி. முத்துசுவாமி தீட்சிதர் அவள்மேல் பாடியது நீலாம்பரியில்தான். ஆகையால் அந்த ராகம் இந்த ஊர்ப் பையன் காதில் இல்லாமல் இருக்காது. பிறகு கீழிருந்து தந்தி வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன்.

அது என்னுடைய முதல் தவறு. பத்திரிகைக்காரனாகிய எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். சுமாரான கதைக்கு நல்ல ஓவியர் ஒருவர் படம் போட்டு, வழவழப்பான தாளில் அச்சாகி வந்தால் அது எவ்வளவு நல்ல கதையாகத் தோன்றும் என்பதை அனுபவித்தவன் நான். என் கதைகளே சில அப்படிப் பிழைத்தவைதான். உடம்பைச் சிலிர்க்க வைத்தது பையனா, அல்லது எங்கோ ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாசித்துக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத கலைஞர்களா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் தகப்பனார் கிளாரினெட் பெட்டியோடு வந்தார். "கேட்டேன் அண்ணே, நல்லாத்தான் இருக்கு. வாசிச்சுப் பாத்துடுவோம்" என்று ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொண்டார். "காகிதம் எங்கடா?"

காகிதம் இல்லை. அந்த மென்பொருளிலும் ஸ்வரங்களைக் கோட்டில் காட்டுகிற பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து அச்சடித்துக் கொண்டுவந்தான். பார்த்தால் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் கீபோர்டில் கையால் வாசித்தவன் அல்லவா? மனிதக் கை ஒரு ஸ்வரத்தை இம்மி முன்னே வைக்கும், இம்மி பின்னே எடுக்கும். கேட்கும்போது அதுதான் அழகு. ஆனால் கம்ப்யூட்டர் அந்த இம்மியையெல்லாம் நம்பிக் கணக்கெழுதி, வேண்டாத இடைவெளிகளும் வளைவுகளுமாகக் காகிதத்தை நிரப்பியிருந்தது. ஸ்வரங்களைத் தாளத்தில் நேராக நிறுத்தி வைக்கும் கட்டளை ஒன்று எல்லாப் பதிவு மென்பொருள்களிலும் இருக்கிறது. அதைத் தேடி, சீர் பண்ணி, அவன் மறுபடி கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று.

தகப்பனார் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பத்து வயதில் ஐந்து கோட்டுக் குறிப்புப் படித்தவர். காகிதத்தைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். நீலாம்பரி ஒரு ஸ்வரம் கீழே தள்ளி ஒலித்தது. கிளாரினெட் வினோதமான வாத்தியம். சாதாரணமாகக் கையாளப்படும் பி-ஃபிளாட் கிளாரினெட்டில் 'ஸி' என்று எழுதியதை வாசித்தால் அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே உள்ள 'பி-ஃபிளாட்' கேட்கும். ஆகையால் எழுதுகிறவர் ஒரு ஸ்வரம் மேலே எழுத வேண்டும். ஹார்னுக்கு இன்னும் அதிகம், ஐந்தாவது ஸ்வரம் மேலே. இது பையனுக்குத் தெரியாது. அவனுடைய மென்பொருள் இதைத் தெரிந்துகொள்ளும்படி அவனை ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை.

சரி என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டே வாசித்தார். பத்தாவது பாரில் நின்றுவிட்டார். "இந்த ஸ்வரம் வாத்தியத்திலேயே இல்லேடா." கிளாரினெட்டின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கி எழுதியிருந்தான். கம்ப்யூட்டரில் அது எப்படிக் கேட்டது? மலிவான ஒலிகளில் ஸ்வரத்தை வாத்தியத்தின் எல்லைக்கு அப்பாலும் இழுத்து நீட்டி வைப்பது சகஜமாம்.

அதையும் தாண்டிப் போனார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று வாத்தியத்தை இறக்கி மடியில் வைத்துவிட்டு, "மூச்சு எங்கடா விடறது?" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். மெதுவான காலத்தில் இருபத்தாறு பார். பாருக்கு நாலு அடி. அடிக்கு ஒரு விநாடி. ஒன்றே முக்கால் நிமிஷம் ஒரு இடைவெளிகூட இல்லாமல் கிளாரினெட் பாடிக்கொண்டே இருக்கிறது. "ஒத்து ஊதறவன் கன்னத்திலே காத்தை அடக்கிக்கிட்டு விடாம ஊதுவான். அது ஒரே ஸ்வரம். பாட்டை அப்படி ஊத முடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் இதே இடத்தை மூன்று நாளைக்கு முன் கேட்டு உருகியிருந்தேன். அவர் மூச்சு முட்டினது எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் கேட்டதில் மூச்சு விடுகிற ஆளே இல்லை.

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்தை என்னிடம் காட்டினான். "யார் பெரியப்பா எனக்கு வாசிக்கப் போறாங்க? இங்கேயிருந்து மெட்ராஸ் முந்நூறு கிலோமீட்டர். அங்கே போனாலும் எண்பது பேர் எனக்காக வந்து உட்காருவாங்களா? கம்ப்யூட்டர்தான் என் ஆர்க்கெஸ்ட்ரா. அதுக்கு மூச்சு வேண்டாம். அப்புறம் நான் எதுக்கு மூச்சுக்கு இடம் விடணும்?"

இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. நம்மில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிற வித்தையில் இளையராஜாவுக்கு மேல் ஒருவரைச் சொல்ல முடியாது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு முறையைப் படித்தவர். கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே காகிதத்தில் எழுதுகிறவர். அவருடைய 'திருவாசகம்' 2005ல் வெளிவந்தபோது அதற்கு வாசித்தது புடாபெஸ்ட் நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா. 1993ல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவை வைத்து அவர் பதிவு செய்த சிம்பனி வெளிவரவே இல்லை. 'வேலியண்ட்' என்ற முதல் சிம்பனி லண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8ஆம் தேதி. அவருக்கே கடல் கடந்து போனால்தான் ஆட்கள் கிடைத்தார்கள் என்றால், நாகப்பட்டினத்துப் பேண்டு செட்டுக்காரர் மகன் கேட்பதில் என்ன தப்பு?

சினிமாவுக்குப் பின்னணி அமைப்பதுதான் அவன் லட்சியமென்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு அந்தத் தொழிலின் பெரும்பகுதி பதிவு மென்பொருளில்தான் நடக்கிறது. டைரக்டருக்கு மறுநாள் காலையில் ஒலியாகக் கேட்க வேண்டும்; காகிதத்தைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? அப்படிப்பட்ட பையனுக்கு ரீப்பரைச் சொல்வேன். அறுபது நாள் பார்த்துவிட்டு வாங்கலாம். தனி மனிதருக்கு அறுபது டாலர்தான். லாஜிக் நல்லது என்கிறார்கள். ஆனால் ஆப்பிள் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதை வாங்கக் கிளாரினெட்டை விற்க வேண்டும். ஒலிக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டவேண்டியதில்லை. பி.பி.சி. சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவின் வாத்தியங்களைப் பதிவு செய்து ஸ்பிட்ஃபயர் என்ற கம்பெனி வெளியிட்டிருக்கும் நூலகத்தின் சிறிய பதிப்பு, 'டிஸ்கவர்' என்பது, இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் பையன் கேட்டது சினிமா அல்ல. "சிம்பனி எழுதணும்" என்றுதான் முதல் நாள் சொன்னான். அப்படியானால் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது, அறுபது பேர் கையாலும் வாயாலும் செய்யக்கூடியது எது என்பதை. பதிவு மென்பொருள் அவனுக்கு அதைச் சொல்லித்தராது. சொல்லித்தராதது மட்டுமல்ல, தெரியாமலே இருக்கப் பார்த்துக்கொள்ளும். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மெலிந்த ஒலி. மூன்று டிராம்போன் பக்கத்தில் முழங்கினால் கூடத்தில் அது காதில் விழாது. கம்ப்யூட்டரில் புல்லாங்குழலுக்கு எதிரே உள்ள குமிழை மேலே தள்ளினால் போதும், டிராம்போனை அமுக்கிக்கொண்டு கேட்கும். தப்பாக எழுதினவனைப் பார்த்து இப்படித் தலையாட்டுகிற வாத்தியார் ஆரம்பத்தில் வாய்த்தால் எப்படி உருப்படுவது?

வாசிக்க ஆள் இல்லை என்கிறானே, அதற்கு என்ன பதில்? எனக்கு இந்தச் சீமையின் பழைய கதை நினைவுக்கு வந்தது. மேல்நாட்டு வாத்திய சங்கீதம் காவிரிக் கரைக்குப் புதிதல்ல. 1798லிருந்து 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தஞ்சாவூர் அரண்மனையிலேயே இங்கிலீஷ் பேண்டு வைத்திருந்தார். அவர் காலத்து மேல்நாட்டு இசைக் காகிதங்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கம்பெனிக்காரர்களின் பேண்டைக் கேட்டார். அந்த மெட்டுக்களுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதாம் நொட்டு ஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணம். பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் அடுக்குகிற மேல்நாட்டு வித்தையை அவர் தொடவில்லை. பாடக்கூடிய மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பாட அவருக்குச் சிஷ்யர்கள் இருந்தார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி அதே மணலியில் வயலினைப் பிடித்துக்கொண்டார். கேட்டது பேண்டு வாத்தியமானாலும், கைக்கு எட்டியது எதுவோ அதைக் கொண்டுதான் இருவரும் ஆரம்பித்தார்கள்.

"உங்கப்பா குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"எட்டுப் பேர்."

கிளாரினெட் இரண்டு, டிரம்பெட் இரண்டு, சாக்ஸபோன் ஒன்று, யூஃபோனியம் ஒன்று, சைடு டிரம், பெரிய டிரம். "இந்த எட்டுப் பேருக்கு எழுது. மூன்று நிமிஷம் போதும். அவர்கள் காகிதத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அதற்கு எந்த மென்பொருள் உதவுகிறதோ அதை எடுத்துக்கொள்வோம்" என்றேன். அவனுக்கு இஷ்டமில்லை. அப்பாவின் குழுவுக்கு எழுதுவது சிம்பனிக்காரனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டான், பணம் என் கையில் அல்லவா இருந்தது!

இனி எழுத்து வகை. லிலிபாண்ட் 1996ல் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கியது, இலவசம். இதில் ஸ்வரங்களை எழுத்துக்களாகவே தட்டச்சுச் செய்கிறோம். அது பக்கமாக வடித்துத் தருகிறது. அந்தப் பக்கத்தின் அழகைப் பார்த்தால் பழைய செப்புத் தகட்டு அச்சு மாதிரி இருக்கிறது. என்னைப் போன்ற எழுத்துக்காரனுக்கு மிகவும் பிடித்தது. பையன் பத்து நிமிஷத்தில் மூடிவிட்டான். அவன் செய்தது சரிதான். ஆரம்பிக்கிறவனுக்கு எழுதியது உடனே கண்ணிலும் காதிலும் பட வேண்டும்.

சிபேலியஸ் 1993ல் பின் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரட்டையர் இருவர் இங்கிலாந்தில் செய்தது. நல்ல சரக்கு. அதன் இலவசப் பதிப்பில் நாலு வாத்தியம்தான். நமக்கு வேண்டியது எட்டு. 2006ல் அது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2012ல் லண்டன் ஆபீஸை மூடினார்கள். அங்கிருந்தவர்களை ஜெர்மனியில் உள்ள ஸ்டைன்பெர்க் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் முதலிலிருந்து யோசித்து 2016ல் கொண்டுவந்ததுதான் டோரிகோ. பதினாறாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இசைநூல் அச்சடித்தவரின் பெயர் அது.

டோரிகோவைத் திறந்த உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற மென்பொருள்கள் "எந்த வாத்தியம் வேண்டும்?" என்று கேட்கின்றன. இது "எத்தனை வாசிப்பவர்கள்?" என்று கேட்கிறது. முதலில் ஆளைச் சேர்க்க வேண்டும். பிறகுதான் அவர் கையில் வாத்தியத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் புல்லாங்குழலையும், நடுவில் எடுத்து வாசிக்கச் சின்னக் குழலையும் வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் மாற்றுகிறார் என்பதை அது கவனித்துக்கொள்ளும். கதையில் சம்பவத்தை யோசித்துவிட்டுப் பாத்திரங்களைத் தேடுகிற ஆசிரியர்கள் உண்டு. பாத்திரத்தை வைத்துக்கொண்டு சம்பவத்துக்குப் போகிறவர்கள் உண்டு. டோரிகோ இரண்டாவது ரகம். இலவசப் பதிப்பில் எட்டுப் பேர் வரை அனுமதி. பேண்டு செட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன்பதாவது ஆள் வந்தா பணம் கட்டணும் பெரியப்பா" என்றான். அவனுடைய வோட்டு மியூஸ்ஸ்கோருக்கு. வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002ல் ஆரம்பித்தது. முழுவதும் இலவசம், ஆள் கணக்குக் கிடையாது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில்கூட மல்லுக்கட்டி ஓடுகிறது. வாத்தியத்தின் எல்லைக்கு வெளியே ஸ்வரம் எழுதினால் அந்த ஸ்வரம் நிறம் மாறுகிறது. பழகாதவர்களுக்குக் கஷ்டமானால் மங்கிய மஞ்சள், வித்வானுக்கும் முடியாதென்றால் சிவப்பு. கிளாரினெட்டுக்கு ஒரு ஸ்வரம் மேலே எழுதுகிற விவகாரத்தை ஒரு பொத்தான் பார்த்துக்கொள்கிறது. கேட்கிற ஸ்வரம், எழுதுகிற ஸ்வரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எட்டுப் பேருக்கும் எட்டுத் தனிக் காகிதங்கள் தானாகவே பிரிந்து வருகின்றன. சினிமாக் கூடங்களில் ஒரு காலத்தில் இதற்கென்றே காப்பி எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு ஸ்வரத்தை மாற்றினால் அவர்கள் விடிய விடிய உட்கார வேண்டும்.

மியூஸ்ஸ்கோரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, இலவசமாகவே மிக உயர்ந்த ஒலிகளை இறக்கிக்கொள்ளும் வசதி கொடுத்திருக்கிறார்கள். எழுத்துக்காரர்களிடமும் அந்த அலங்காரப் பேய் வந்து புகுந்துகொண்டது! பையன் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொக்க ஆரம்பித்தான். நான் அவனிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: எழுதி முடிக்கும்வரை எட்டு வரிக்கும் சாதாரணப் பியானோ ஒலி மட்டும். பியானோவில் நன்றாக இருப்பது பிறகு வாத்தியத்தில் கெடலாம். ஆனால் பியானோவிலேயே வெறுமையாக இருப்பது எந்த ஒலியை மாட்டினாலும் வெறுமைதான். இன்னொன்று, வெட்டி ஒட்டுவது. எட்டுப் பார் தாளத்தை நாலு தரம் ஒட்டினால் முப்பத்திரண்டு பார் ஆகிவிடுகிறது. தொடர்கதை எழுதுகிறவர்கள் வாராவாரம் முன்கதைச் சுருக்கத்தால் பக்கம் நிரப்புவது உண்டு. அந்த ரகசியம் எனக்குத் தெரியுமாகையால் ஒட்டினதை உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

ஃபினாலேயைப் பற்றி நான் பேசாமல் இருப்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். 1988லிருந்து புகழோடு இருந்த மென்பொருள் அது. 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி, இனி இதை வளர்க்கப்போவதில்லை என்று அதன் கம்பெனி அறிவித்துவிட்டது. முப்பது முப்பத்தைந்து வருஷ உழைப்பை அந்த வடிவத்திலேயே வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். நல்ல வேளையாக, ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் திறப்பதற்கு 'மியூசிக் எக்ஸ்.எம்.எல்.' என்ற பொது வடிவம் 2004லிருந்தே இருக்கிறது. எதில் எழுதினாலும் அந்த வடிவத்தில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி என்று பையனிடம் சொல்லி வைத்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. அகல் விளக்கு வைத்துக்கொண்டு என் நாவலின் ஓர் அத்தியாயத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். காகிதத்தின்மேல் எனக்குள்ள பிரியத்துக்குக் காரணம் அப்போது ஏற்பட்டது.

ஒரு விஷயத்தில் எல்லா மென்பொருளும் ஒன்றுபோலவே தோற்றன. அதுதான் நீலாம்பரி. ஐந்து கோட்டில் ஸ்வரத்தின் இடம் தெரியும்; அசைவு தெரியாது. அசைவில்லாவிட்டால் நீலாம்பரி ஏது? 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் என்பவர் தியாகராஜரின் கிருதிகளை மேல்நாட்டுக் குறிப்பில் எழுதி வெளியிடப் பெரும்பாடு பட்டார். அவரைப் படுத்திய கஷ்டம் இன்றைக்கும் தீரவில்லை. பதிவு மென்பொருளில் கீபோர்டின் சக்கரத்தைத் திருப்பி ஸ்வரத்தை வளைக்கலாம். இந்த ஒரு இடத்தில் அந்த வகைக்குத்தான் வெற்றி. பையன் எழுத்து வகையில் என்னென்னவோ குறியெல்லாம் போட்டுப் பார்த்தான். தகப்பனார்தான், "கோட்டுக்கு மேலே 'அசைச்சு வாசி'ன்னு தமிழ்லே எழுதேண்டா. எனக்குத் தெரியும் எப்படி அசைக்கறதுன்னு" என்றார். எழுதிப் பார்த்தோம், மியூஸ்ஸ்கோர் தமிழ் எழுத்தை ஒழுங்காகவே அச்சடித்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், அவர்கள் வீட்டு மாடியில் எட்டுப் பேரும் கூடினார்கள். காகிதம் பறக்காமல் இருக்க ஓட்டுத் துண்டு வைத்திருந்தார்கள். எட்டுப் பேரில் கோட்டுக் குறிப்புப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்களுக்குப் பையன் பாடிக் காட்டினான். முதல் தடவை இருபதாவது பாரில் எல்லாம் குழம்பி நின்றது. யூஃபோனியக்காரர் தம் காகிதத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது தடவை கடைசிவரை போனார்கள். டிரம்பெட் இரண்டும் சுதி சேரவில்லை; சாக்ஸபோன் தேவைக்கு மேல் முழங்கிற்று. ஹெட்போனில் கேட்ட கடல் இல்லை இது. ஆனால் தாலாட்டு வந்த இடத்தில், பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

பையன் கையில் பென்சிலோடு குழுவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். கைக்கு ஒரு சின்னக் கீபோர்டு, அச்சடிக்கிற கடைக்குக் கொடுத்தது, இவை போக மீதிப் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். அவர் அதில் ஒரு பெட்டி ரீடு வாங்கியிருந்தார்.

"பதினோராம் பார்லே ஒரு மூச்சு வேணும்டா" என்றார் தகப்பனார்.

"ரெண்டு பார் முன்னாடிதானேப்பா விட்டிருக்கேன்?"

"அது உன் கணக்கு. அசைச்சு வாசிச்சா காத்து சீக்கிரம் தீந்துடும்."

பையன் குனிந்து அவருடைய காகிதத்தில் பதினோராம் பாருக்கு மேல் ஒரு கால்புள்ளி போட்டான். பிறகு இரண்டாவது கிளாரினெட்காரர் காகிதத்தைப் பார்த்தான். அவருக்கும் ஒன்று போட்டான். "அதே இடத்தில் ரெண்டு பேரும் மூச்சு விட்டா ஓட்டை விழுமேடா" என்று அவர் சிரித்தார். பையன் அதை ரப்பரால் அழித்துவிட்டு, ஒரு பார் தள்ளிப் போட்டான்.